பழைய லென்ஸ்கள் மூன்று, பாடி ஒன்று: உள்மீட்டர் வேலை செய்யும் ஃபிலிம் கேமரா எது?

மங்கலொளி:
என்னிடம் எம்42 திருகு மவுண்டில் (மவுண்ட் என்பது லென்ஸ் கேமராவில் மாட்டும் அமைப்பு) சூப்பர் தகுமார் 55 மிமீ எஃப்1.8, கார்ல் சைஸ் யேனா 135 மிமீ எஃப்3.5 ஆகிய இரண்டும், நிக்கான் ஏஐ மவுண்டில் 50 மிமீ எஃப்1.8 ஒன்றும் உள்ளன. இம்மூன்றையும் அடாப்டர் வழியாகவாவது ஏற்று, தன் உள்மீட்டரால் ஒளியை அளக்கும் ஒரே ஃபிலிம் பாடியை (லென்ஸ் இல்லாத கேமரா உடலை) வாங்க எண்ணுகிறேன். தனியாகக் கைமீட்டர் சுமக்க விருப்பமில்லை. எதை வாங்கலாம்?

செவ்வொளி அறை:
கேனான் இஓஎஸ் ஃபிலிம் பாடிகளில் ஒன்றை வாங்குங்கள். மவுண்டின் முகப்பிலிருந்து ஃபிலிம் வரையுள்ள தூரம் இஓஎஸ்ஸில் 44 மிமீ, எம்42-இல் 45.46 மிமீ, நிக்கானில் 46.5 மிமீ. ஆகவே இரண்டுக்கும் கண்ணாடி இல்லாத மெல்லிய வளையமே போதும், முடிவிலி ஃபோகஸும் (மிகத் தொலைவில் உள்ளவை தெளிவாக விழுவதும்) கெடாது. மின்தொடர்பு இல்லாத லென்ஸை மாட்டினால் அப்பர்ச்சர் (ஒளி புகும் துளை) எண்ணுக்குப் பதில் 00 என்று காட்டுமே தவிர, கேமரா வேலை நிறுத்தம் செய்யாது. ஏவி முறையில் வைத்து, லென்ஸ் வளையத்தைத் திருப்பித் துளையைச் சுருக்கினால், உள்ளே வரும் ஒளியை அளந்து ஷட்டர் வேகத்தைத் தானே அமைத்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் பாருங்கள்: உங்கள் எம்42 லென்ஸில் ஆட்டோ/மேனுவல் ஸ்விட்ச் இல்லையென்றால், பின்புறமுள்ள ஊசியை அழுத்திப் பிடிக்கும் விளிம்புள்ள அடாப்டராக வாங்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் எந்த எண்ணில் வைத்தாலும் துளை முழுதாகத் திறந்தே இருக்கும்.

நொடிக்கூறு:
நிக்கான் லென்ஸ் ஏற்கெனவே இருக்கும்போது நிக்கான் பாடியே இயல்பான தேர்வு அல்லவா? எஃப்100 என்ற நிக்கான் பாடி ஏஐ லென்ஸ்களுடன் மீட்டர் காட்டும். எஃப்80 பாடி காட்டாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். விலை குறைவென்று பலர் அதை வாங்கிவிடுகிறார்கள்.

செவ்வொளி அறை:
எம்42 லென்ஸ்களை என்ன செய்வது? நிக்கானில் அவை இருக்க வேண்டிய இடத்தைவிடக் குறைந்தது 1.04 மிமீ முன்தள்ளி நிற்கும். கணக்கிட்டுப் பார்த்தால் 55 மிமீ லென்ஸில் சுமார் 3 மீட்டருக்கு அப்பாலும், 135 மிமீ லென்ஸில் சுமார் 18 மீட்டருக்கு அப்பாலும் ஃபோகஸ் கிடைக்காது. திருத்தக் கண்ணாடி வைத்த அடாப்டர்கள் உண்டு; நல்ல லென்ஸுக்குப் பின்னால் மலிவான கண்ணாடியை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கூர்முனை:
"ஒரே பாடி" என்ற நிபந்தனையிலேயே சிக்கல் இருக்கிறது. இஓஎஸ்ஸில் லென்ஸ் மாட்டும், மீட்டரும் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். அந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை யாரும் சொல்வதில்லை. அந்தக் கேமராக்களின் மீட்டர் ஃபோகஸ் திரைக்கு மேலே, ப்ரிஸத்தின் பக்கம் அமர்ந்து, திரையில் விழும் ஒளியை அளக்கிறது. ஆட்டோஃபோகஸ் ஜூம்களுக்காக வடிவமைத்த அத்திரை எஃப்1.8-க்கும் எஃப்2.8-க்கும் இடையிலுள்ள ஒளி வேறுபாட்டை முழுமையாகக் காட்டாது. கேமராவின் சொந்த லென்ஸ் எப்போதும் திறந்த துளையில் அளக்கப்படுவதாலும், அதன் துளை அளவைக் கேமரா அறிந்திருப்பதாலும் இக்குறை திருத்தப்பட்டுவிடும். உங்கள் தகுமார் எந்தத் தகவலையும் சொல்லாதாகையால் பிழை துளைக்குத் துளை மாறும். அதே திரையில் எஃப்1.8 லென்ஸின் ஃபோகஸ் ஆழமும் உண்மையைவிட அதிகமாகத் தெரியும். கண்ணால் ஃபோகஸ் செய்பவருக்கு இது சிறிய குறையன்று.

எம்42 லென்ஸ்களுக்குப் பென்டாக்ஸ் எம்இ சூப்பர் வாங்குங்கள். அதன் கே மவுண்டின் தூரமும் அதே 45.46 மிமீ என்பதால், பென்டாக்ஸின் சொந்த அடாப்டர் மவுண்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. விளிம்பு வெளியே நிற்கும் மலிவு அடாப்டரை வாங்கினால் முடிவிலி போய்விடும். நிக்கான் லென்ஸுக்கு நிக்கான் எஃப்இ பாடி வாங்குங்கள். அதில் திறந்த துளையிலேயே மீட்டர் அளக்கும். இரண்டிலும் பிளவுப் பிம்பத் திரை (ஃபோகஸ் சரியாகும்போது பிம்பத்தின் இரு பாதிகள் ஒன்றுசேரும் திரை) உண்டு.

செவ்வொளி அறை:
எம்இ சூப்பரிலும் எம்42 லென்ஸைச் சுருக்கித்தான் அளக்க வேண்டும் என்பதைக் கூர்முனை சொல்லாமல் விட்டுவிட்டார். எஃப்1.8-இல் ஃபோகஸ் செய்துவிட்டு எஃப்8-க்குச் சுருக்கினால் வ்யூஃபைண்டரில் ஒளி ஏறத்தாழ 20-இல் ஒரு பங்காகக் குறைகிறது. அவர் புகழும் பிளவுப் பிம்பத்தின் ஒரு பாதி அப்போது கறுத்துவிடும். இந்தத் தொல்லை எல்லாப் பாடிக்கும் பொது.

மீட்டர் பிழை உண்மைதான், ஆனால் அதை ஃபிலிம் செலவில்லாமலேயே கண்டறியலாம். சீரான வெளிச்சமுள்ள சுவரைப் பார்த்துக் கேமராவை நிறுத்தி, வ்யூஃபைண்டரின் பின்புறத்தை மூடிவிட்டு, எஃப்2.8, எஃப்4, எஃப்5.6, எஃப்8 என்று சுருக்குங்கள். ஒவ்வொரு படிக்கும் ஷட்டர் நேரம் இரட்டிக்க வேண்டும். எங்கே இரட்டிக்கவில்லையோ, அங்கேதான் பிழை. அதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி அடாப்டர் மூடியில் ஒட்டிவிட்டால், எக்ஸ்போஷர் திருத்தத்தில் சரிசெய்துகொள்ளலாம்.

கூர்முனை:
சுவர்ச் சோதனையை ஏற்கிறேன். ஆனால் அது படிகளுக்கிடையிலான விலகலைத்தான் காட்டும், தொடக்கப் படியே சரியா என்பதைக் காட்டாது. அதற்குச் சரியான மீட்டர் ஒன்றோடு ஒப்பிட வேண்டும். நெகட்டிவ் ஃபிலிம் ஓரிரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இருமடங்காவது) கூடுதல் ஒளியைப் பொறுத்துக்கொள்ளும், ஸ்லைடு ஃபிலிம் பொறுக்காது. ஆகவே மங்கலொளி எந்த ஃபிலிமில் எடுக்கப்போகிறார் என்று சொல்லாதவரை நம் வாதம் முடியாது.

மங்கலொளி:
கறுப்பு வெள்ளை நெகட்டிவ் மட்டுமே, நானே டெவலப் செய்கிறேன். பெரும்பாலும் எஃப்4-க்கும் எஃப்8-க்கும் இடையில்தான் எடுப்பேன்.

கூர்முனை:
அப்படியானால் உங்கள் அளவில் இஓஎஸ்ஸை எதிர்க்க எனக்குக் காரணம் குறைவு, வ்யூஃபைண்டரைத் தவிர. எம்இ சூப்பரில் உருப்பெருக்கம் 0.95, இஓஎஸ் 3-இலேயே 0.72தான். இரண்டையும் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

செவ்வொளி அறை:
இஓஎஸ் 3-இல் ஃபோகஸ் திரையை மாற்றிக்கொள்ளலாம், பிளவுப் பிம்பத் திரையும் உண்டு. பழைய இஓஎஸ் 650, 620 கிடைத்தால் பின்கதவைத் திறந்து ஷட்டர் இதழ்களைப் பாருங்கள். உள்ளிருக்கும் அதிர்வுத் தாங்கி உருகிக் கறுப்புப் பிசினாக அவற்றில் ஒட்டியிருந்தால் வாங்க வேண்டாம். எம்இ சூப்பர் பார்க்கப் போனால், ரப்பர் துண்டுகள் சிதைந்து, உள்ளிருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி கீழிறங்காமல் மேல்நிலையிலேயே சிக்கி நிற்கிறதா என்று பல வேகங்களில் அழுத்திச் சோதியுங்கள்.