5 ஹெச்பி சோலார் பம்புக்கு டிராக்கர் தேவையா?

உடுமலைத்தோப்பு:
தோப்புக் கிணற்றுக்கு 5 ஹெச்பி சோலார் மோட்டார் போடுகிறோம். 540 வாட் பேனல் 9. சூரியன் போகிற பக்கமெல்லாம் தானே திரும்பும் டிராக்கர் ஸ்டாண்ட் வைத்தால் தண்ணீர் கூடும் என்கிறார் கடைக்காரர். வைக்கலாமா?

வயர்மேன்77:
வேண்டாம். கிழக்கு மேற்காகத் திரும்பும் டிராக்கரில் வருடத்துக்கு மின்சாரம் 15–25 சதவீதம் கூடும். அதற்கு 2 பேனல் சேர்த்தால் போதும், 22 சதவீதம் ஆச்சு. பேனலில் தேய்கிற பாகம் கிடையாது. பேனலுக்கும் மோட்டாருக்கும் நடுவே வரும் கன்ட்ரோலர் எத்தனை வோல்ட் தாங்கும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயில்காரன்:
அண்ணே, வருடக் கணக்கு வீட்டு மாடிக்குச் சரி, மிஞ்சும் மின்சாரம் ஈ.பி. லைனுக்குப் போய்விடும். பம்பு அப்படியில்லை. வெயில் ஓர் அளவுக்கு மேல் ஏறினால்தான் தண்ணீரே மேலே வரும். காலை 8 மணிக்குச் சூரியன் சுமார் 25 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். தெற்கே லேசாகச் சாய்ந்த பேனலில் நேர்வெயில் பாதிகூட விழாது; கிழக்கே திருப்பினால் முழுசாக விழும். அந்த நேரத்தில் உங்கள் 2 பேனல் சேர்ப்பது ஐந்தில் ஒரு பங்கு. உச்சிவேளையில் அவை தரும் உபரியை மோட்டார் வாங்கிக்கொள்ளவும் செய்யாது.

வயர்மேன்77:
தம்பி, கணக்கு சரி. நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊர் டிராக்கர் ஒன்று, வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பும் வகை. சென்சாரின் மேற்குக் கண்ணில் காக்கா எச்சம் போட்டுவிட்டது. சாயங்காலம் வரை பேனல் மொத்தமும் கிழக்கையே பார்த்து நின்றது. நான்தான் ஏணி போட்டு ஈரத்துணியால் துடைத்தேன். மேகம் வந்தாலோ வெளிச்சத்தைத் தேடி முன்னும் பின்னும் ஆடும்.

வெயில்காரன்:
அது மலிவான வகை. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, கடிகாரம் இவற்றை வைத்துக் கணக்குப் போட்டுத் திரும்புவதும் இருக்கிறது. பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது, இதில் தேட என்ன இருக்கிறது?

வயர்மேன்77:
உடுமலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆடியில் அம்மியே பறக்கும். ஒற்றைத் தூண் மேல் 23 சதுர மீட்டர் பேனல், பாய்மரம் மாதிரி. காற்று அடித்தால் தட்டையாகப் படுக்க வேண்டும். படுக்க வைக்கிற மோட்டார் அன்றைக்கென்று மக்கர் பண்ணினால்?

வெயில்காரன்:
காற்று விஷயத்தில் மறுபேச்சு இல்லை. அங்கே நானும் யோசிப்பேன்.

உடுமலைத்தோப்பு:
கையால் திருப்பும் ஸ்டாண்டும் இருக்கிறதாமே, காலை, மதியம், மாலை என்று மூன்று நிலை? பூட்டு நன்றாக இருந்தால் அதையே எடுக்கிறேன். அப்பா விடியற்காலை பால் கறக்க அந்த வழியாகத்தான் போவார், அவரே கிழக்கே திருப்பிவிடுவார்.

வெயில்காரன்:
அந்த இருட்டில் வேண்டாம், முந்தின நாள் சாயங்காலமே கிழக்கே திருப்பிவிடச் சொல்லுங்கள். ஆடி மாதம் மட்டும் தட்டையாகப் பூட்டிவிடுங்கள்.