பழைய ஸ்டீல் பாட்டில்: எத்தனை முறை கழுவினாலும் வாடை போகவில்லை

முருகேஷ்பாளையாக்காரன்:
முதல் சம்பளத்தில் வாங்கிய முக்கால் லிட்டர் ஃபிளாஸ்க் பாட்டில் இது. மூன்று வருடம் பரண்மேல், மூடி இறுக்கியபடியே கிடந்தது. திறந்தால் ஊறப்போட்டு மறந்துபோன அரிசி வாடை. டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பெங்களூரில் எங்கள் தெருவில் காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். மற்றபடி போர்வெல், அதுவும் இல்லாவிட்டால் டேங்கர். கீசரே உப்பு பிடித்துப் படுத்துவிடுகிற தண்ணீர்!

பாத்திர சோப்பு, கல்லுப்பு, வெந்நீர் எல்லாம் போட்டுக் குலுக்கியாயிற்று. அன்றைக்குச் சரியாகிவிடும், மறுநாள் காலை மறுபடி அதே வாடை. நேற்று வினிகர் ஊற்றி வைத்திருக்கிறேன். அதோடு கொஞ்சம் ப்ளீச்சும் சேர்க்கலாமா? அம்மா தூக்கிப்போடு என்கிறார். மனசு வரவில்லை.

கெட்டில் அக்கா, மாரத்தஹள்ளி:
தம்பி, ப்ளீச்சைக் கீழே வை! வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். தனியாக ஊற்றினாலும் ஸ்டீலைப் புள்ளிப்புள்ளியாக அரித்துவிடும்.

அந்த வெள்ளைத் திட்டு அழுக்கே இல்லை, கால்சியம் கார்பனேட். போர்வெல் தண்ணீர் விட்டுப்போகிற சொத்து. அதனால்தான் சோப்புக்கு அசையவில்லை, அதற்குப் புளிப்புதான் வேண்டும். இருக்கிற வினிகரில் பாதிக்குப் பாதி வெந்நீர் கலந்து அரைமணி நேரம் வை. மூடியைப் போடாதே, நுரைத்து வாயு வரும். பிறகு நீளப் பிரஷ். வினிகருக்குப் பதில் வெந்நீரில் சிட்ரிக் ஆசிட் தூள் இரண்டு ஸ்பூன் போட்டாலும் இதே வேலைதான், வாடை குறைவு. வினிகரில் சோடா உப்பையும் கொட்டச் சொல்லும் வீடியோக்களை நம்பாதே. ஒன்றை ஒன்று முறித்துக்கொள்ளும், பொங்குவது வேடிக்கைக்குத்தான்.

மாட்டுங்கா மாமா:
அக்கா சொன்னது திட்டுக்குச் சரி. வாடைக்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். எங்கள் மும்பையில் ஏரித் தண்ணீர், உப்பு படிவதே அபூர்வம். ஆனாலும் என் பாட்டிலில் இதே நாற்றம் வந்தது. மூடிக்குள் இருக்கும் சிலிக்கான் வளையத்தைக் கழற்றிப் பார்த்தீர்களா? ஸ்பூன் காம்பால் நெம்பினால் வரும். ஊசி, கத்தி வேண்டாம், கிழிந்தால் ஒழுகும். வளையத்தையும் மூடியையும் சோடா உப்பு போட்ட வெந்நீரில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் மரையில் தேயுங்கள். கழுவியதும் இரவு முழுக்க மூடாமல் கவிழ்த்து வையுங்கள். ஈரத்தோடு மூடினால் பட்ட பாடெல்லாம் வீண்.

பால்கனித் தோட்டம்:
என் மகளின் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு ப்ளீச் போடலாமா?

கெட்டில் அக்கா, மாரத்தஹள்ளி:
போடலாம், ஆனால் முதலில் சோப்பு போட்டு நன்றாகக் கழுவியிருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு வாசனை சேர்க்காத ப்ளீச் அரை டீஸ்பூன். பாட்டில் முழுதும் மூழ்கி இரண்டு நிமிடம் இருந்தால் போதும், எடுத்துக் காற்றில் உலர்த்துங்கள். உள்ளே கீறல் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள், கீறலுக்குள் பிரஷ் போகாது.

முருகேஷ்பாளையாக்காரன்:
மாமா, வளையத்தைக் கழற்றினேன். பின்பக்கம் முழுக்கக் கண்மை தீட்டியது போலக் கறுப்பு! பரணில் ஏற்றும் முன்பெல்லாம் இதன் வழியாகத்தான் குடித்திருக்கிறேன். திட்டு முழுதும் போய்விட்டது, உள்ளே பளபள. வளையத்தில் மட்டும் கறுப்புப் புள்ளிகள் தேய்த்தும் போகவில்லை. சனிக்கிழமை சிக்பேட்டைப் பாத்திரக் கடைகளில் புது வளையம் தேடப் போகிறேன். அம்மாவும் வருகிறாராம், குக்கருக்கும் காஸ்கெட் வேண்டுமாம்.