அக்காவுக்கு வெயிட் குறைக்கிற ஆபரேஷன்: கவர்மெண்டா பிரைவேட்டா? குமரி மாவட்ட ஆளுக சொல்லுங்க

குலசேகரத்துக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். நான் மஸ்கட்ல டிரைவரா இருக்கேன், வீடு குலசேகரம் பக்கம். எனக்க அக்காவுக்காக கேக்கேன். வயசு 41, உயரம் 5 அடி 2 இஞ்ச், வெயிட் 116 கிலோ. சுகர் வந்து வருசம் கொஞ்சம் ஆச்சு, மாத்திரை போதாம இப்போ இன்சுலின் போடுதா. ராத்திரி குறட்டை விட்டுட்டு கெடக்கும்போ திடீர்னு மூச்சு நின்ன மாதிரி ஆகி எழும்பி உக்காந்துருவா, பிள்ளைகளுக்கு அத பாத்து பேடி. மூட்டு வலி வேற. வீட்டுல தையல் மெசின் வச்சு தைக்கா, மிதிக்க முடியல்லன்னு இப்ப மோட்டார் மாட்டியாச்சு. மரச்சீனிக் கிழங்க விட்டா, சோத்த கொறச்சா, கொள்ளு ரசம் குடிச்சா, கொறஞ்ச வெயிட்ட விட கூடுனது தான் அதிகம்.

சுகர் பாக்குற டாக்டரே வயித்து ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு சொல்லிட்டாரு. இப்ப வீட்டுல ரெண்டு கட்சி. அத்தானுக்கு ரப்பர் பால்வெட்டு, மழை வந்தா வேலை இல்ல, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு, அதனால கவர்மெண்ட்ல பாப்போம்னு அவரு சொல்லியாரு. அம்மா என்னன்னா நகைய அடகு வச்சாவது திருவனந்தபுரத்துல பிரைவேட்ல பண்ணணும், கவர்மெண்ட்ல விட மாட்டேன்னு ஒத்த கால்ல நிக்கியாவ. பணம் அனுப்புறது நான், அதனால முடிவு என் தலையில. ரெண்டுலயும் பண்ணுன ஆளுக இருந்தா உள்ளத உள்ளபடி சொல்லுங்க.

சங்குதுறை_பையன்

எதுக்கு அண்ணே ஆபரேஷன் எல்லாம். எங்க தெருவுல ஒரு அண்ணன் தெனம் காலைல பீச்சுல நடந்து கேப்பக்கூழ் குடிச்சே முப்பது கிலோ கொறச்சாரு. வயித்த வெட்டி எடுத்த பொறவு மனுசன் எப்படி சாப்புடுவான். 2024 ஏப்ரல்ல சென்னைல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில இதே ஆபரேஷனுக்கு போன பாண்டிச்சேரி பையன் செத்தே போனான், நியூஸ்ல வந்துச்சே, பாக்கலயா?

மார்த்தாண்டம்_மைனி

சங்குதுறை தம்பி, மூட்டு தேஞ்சு படியேற முடியாத பொம்பளைய பீச் மணல்ல நடக்க சொல்லுதியே, நல்லா இருக்கு உன் யோசனை.

குலசேகரத்து தம்பிக்கு சொல்லுதேன். நான் திருவனந்தபுரத்துல பிரைவேட்ல பண்ணுனவ, ஸ்லீவ். இரைப்பையில முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்துட்டு மிச்சத்த ஒரு குழாய் மாதிரி வச்சு தைப்பாவ, எல்லாம் சின்ன சின்ன துளை வழியா தான். ஆஸ்பத்திரி சுத்தம், நர்ஸ் பிள்ளைகள் தங்கம், டாக்டரும் பொறுமையா பேசுனாரு, அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். குறை பில்லுல தான். முதல்ல பேக்கேஜ்னு சொல்லி ஒரு தாள் தந்தாவ, மூணே முக்கால் லட்சம். அந்த தாள்ல கீழ பொடி எழுத்துல ஸ்டேப்ளர் கார்ட்ரிட்ஜ் ஆக்சுவல்ஸ்னு, அதாவது ஆன செலவு அப்படியே தனியா வரும்னு, ஒரு வரி. நாங்க அத கண்டுக்கல்ல. அது என்னன்னா வயித்த வெட்டி தைக்கிற அந்த மெசினுக்கு ஒவ்வொரு தடவையும் புது ரீஃபில் போடணும், ஆளுக்கு ஆள் எண்ணிக்கை மாறும், ஒண்ணு ஒண்ணும் ஆயிரக்கணக்குல. பொறவு எனக்கு மூச்சு கொஞ்சம் இறங்குச்சுன்னு ஐசியூல கூடுதலா வச்சாவ, அது தனி. கடைசில நாலரைய தாண்டிட்டு. எங்க வீட்டுக்காரரு பில் கவுண்டர்ல நின்னுட்டே கொழுந்தனுக்கு போன் போட்டு பணம் கேட்டாரு.

அதுக்கு மேல முக்கியமான ஒண்ணு, நம்ம ஊரு காப்பீட்டு அட்டைய அங்க காட்டுனா ஒரு பிரயோசனமும் இல்ல, எங்களுக்கு செல்லல்ல. மார்த்தாண்டத்துல இருக்கவிய எல்லாத்துக்கும் திருவனந்தபுரம்னு ஓடியாவ, பக்கம் தான், ஆனா அட்டைய நம்பி இருக்கவிய யோசிச்சுக்கிடணும். உனக்க அக்கா இப்ப இருக்க நெலமைல ஆபரேஷன் வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு சுகர் மாத்திரை மூணுல இருந்து ஒண்ணு ஆச்சு, குறட்டை போச்சு. முடி கொத்து கொத்தா கொட்டுச்சு, அழுதேன், பொறவு வளந்துட்டு.

தக்கலை_சிஸ்டர்

நான் ஆபரேஷன் தியேட்டர்ல வேலை பாத்த நர்ஸ், கவர்மெண்ட் பிரைவேட் ரெண்டுலயும் இருந்திருக்கேன். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கிடுங்க.

முதல்ல அந்த 2024 விசயம். அதுக்கப்புறம் சுகாதாரத்துறை விசாரிச்சு அந்த ஆஸ்பத்திரி லைசன்ஸ நிறுத்தி வச்சாங்க. அதுல இருந்து எடுத்துக்க வேண்டியது பிரைவேட் மோசம்னோ ஆபரேஷன் மோசம்னோ இல்ல. நூறு கிலோவுக்கு மேல இருக்க ஆளுக்கு மயக்கம் குடுக்கிறதே பெரிய வேலை, கழுத்து தடியா இருக்கும், டியூப் போடுறது கஷ்டம், தூக்கத்துல மூச்சு நிக்கிற பிரச்சனை இருந்தா இன்னும் ரிஸ்க். அதனால தியேட்டர் பக்கத்துலயே வென்டிலேட்டரோட ஐசியூ, ராத்திரியும் இருக்க மயக்க டாக்டர், ரத்தம் ரெடியா கிடைக்கிற வசதி, இது மூணும் இல்லாத எடத்துல, அது யாரோட ஆஸ்பத்திரியா இருந்தாலும், படுக்கக்கூடாது. இந்த விசயத்துல பெரிய மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி பல சின்ன பிரைவேட்ட விட மேல. அம்மாகிட்ட இத சொல்லுங்க.

அக்காவோட பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு வெயிட் எவ்வளவுன்னு பாக்குற அளவு, கணக்கு போட்டா 47 கிட்ட வருது. 2022ல உலக அளவுல இருக்க சர்ஜன்மார் சங்கங்க வழிமுறைய மாத்துனாங்க, 35க்கு மேல இருந்தாலே பண்ணலாம், நம்ம ஆசியாக்காரங்களுக்கு 27.5ல இருந்தே யோசிக்கலாம்னு. அதனால அக்காவுக்கு தேவையா இல்லையான்னு ஒரு கேள்வியே இல்ல. எந்த ஆபரேஷன்ங்கிறது தான் கேள்வி. இன்சுலின் வரைக்கும் போன சுகர்னா பைபாஸ் பத்தி டாக்டர் பேசுவாங்க (இதயத்துக்கு பண்ணுறது இல்ல, இரைப்பைய சின்னதாக்கி சிறுகுடல்ல கொஞ்ச தூரத்த தாண்டி இணைக்கிறது), சுகர் எறங்குறதுக்கு அது ஸ்லீவ விட நல்லா கேக்கும், ஆனா சத்து குறைபாடும் அதுல ஜாஸ்தி. நெஞ்செரிச்சல் ரொம்ப இருந்தா ஸ்லீவ் அத கூட்டி விட்டுரும், அதையும் மறைக்காம சொல்லணும். பைபாஸ் பண்ணுனா பொறவு மூட்டு வலிக்குன்னு மெடிக்கல்ல டைக்ளோஃபினாக் வாங்கி போடக்கூடாது, உள்ள புண்ணு வந்துரும். தையல்காரி, மூட்டு வலி, கண்டிப்பா வாங்கி போடுவாங்க, அதான் இப்பவே சொல்றேன்.

இப்ப பணம். முதலமைச்சர் காப்பீட்டுல குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு, வருமான வரம்பு 1,20,000. நிறைய பேரு அது கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு மட்டும்னு நினைக்கிறாங்க, இல்ல, பட்டியல்ல இருக்க பிரைவேட்லயும் செல்லும். ஆனா எல்லா ஆபரேஷனும் எல்லா எடத்துலயும் கிடையாது, எந்த நோய்க்கு எந்த ஆஸ்பத்திரிக்கு அனுமதின்னு தனித்தனியா இருக்கும், முன்கூட்டியே அப்ரூவல் வாங்கணும். 1800 425 3993க்கு போன் போட்டு அட்டை நம்பர சொல்லி இந்த ஆபரேஷன் பேர சொல்லி கேளுங்க. வெயிட் குறைக்கிற ஆபரேஷன்னு பொதுவா கேட்டா அழகுக்குன்னு நினைச்சு இல்லன்னு வச்சுருவாங்க, சுகர், மூச்சு நிக்கிறது எல்லாம் சேத்து டாக்டர் கையெழுத்து போட்ட தாள கையில வச்சுட்டு பேசுங்க.

வடசேரி_ராஜா

சிஸ்டர் சொன்னதோட ஒண்ணு சேக்குறேன், அட்டை இல்லாம கம்பெனி பாலிசியோ சொந்த மெடிக்ளைமோ வச்சிருக்கவங்களுக்கு. முன்ன எல்லாம் பெரும்பாலான பாலிசில இந்த ஆபரேஷனுக்கு கிளெய்ம் கிடையாது. இப்போ இன்சூரன்ஸ் கம்பெனிகள கட்டுப்படுத்துற ஐஆர்டிஏஐ விதிப்படி வயசு 18க்கு மேல, பிஎம்ஐ 40 இல்லன்னா 35ஓட கட்டுக்கடங்காத சுகர், இதய நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்துல மூச்சு நிக்கிறது) இதுல ஏதாவது, மத்த வைத்தியம் பாத்து சரியாகலன்னு டாக்டர் எழுதி இருக்கணும், இதெல்லாம் இருந்தா வெயிட் ஆபரேஷனுக்கு பணம் கிடையாதுன்னு பாலிசில பொதுவா வர்ற விலக்கு உங்களுக்கு பொருந்தாது. ஆனா ஏற்கனவே இருக்க நோய்க்கு காத்திருப்பு காலம் 3 வருசம் வரைக்கும் வைக்கலாம், அதனால இப்ப புதுசா பாலிசி எடுத்து அடுத்த மாசம் ஆபரேஷன்னு எவனாவது ஏஜென்ட் சொன்னா ஓடிருங்க.

அப்புறம் என் தம்பிக்கு சென்னைல ஒரு பெரிய கவர்மெண்ட் ஆஸ்பத்திரில தான் பண்ணுனோம். ஆபரேஷனுக்கு கையில இருந்து ஒரு பைசா போகல. போனது எல்லாம் மத்ததுக்கு. ஒரு தடவ ரத்தம், ஒரு தடவ எண்டோஸ்கோபி, ஒரு தடவ மனநல டாக்டர், ஒரு தடவ எக்கோ, ஒவ்வொண்ணுக்கும் ஒரு தேதி, ஒவ்வொரு தேதிக்கும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், ரூம் வாடகை, கூட வர்ற ஆளோட சம்பளம் கட். தேதி ஒரு தடவ தள்ளியும் போச்சு, அவசர கேஸ் வந்துட்டா இது மாதிரி ஆபரேஷன் தான் முதல்ல தள்ளும், அதுக்கு கோவப்பட்டும் பிரயோசனமில்ல. பண்ணுன டாக்டர் கை ராசிக்காரர், நூத்துக்கணக்குல பாத்தவர். அங்க நெருக்கடின்னா பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிலயும் இந்த ஆபரேஷன் உண்டு, விழுப்புரத்துல எறங்கி பஸ் ஏறணும்.

இதுல நான் கத்துக்கிட்ட குறுக்கு வழி, டெஸ்ட் எல்லாத்தையும் அங்க போய் எடுக்க வேண்டாம். நாகர்கோவில் பக்கத்துல ஆசாரிபள்ளம் கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ்ல ஓபி சீட்டு போட்டு சர்ஜரில காட்டி ரெஃபர் பண்ண கேளுங்க, தைராய்டு, சுகர் மூணு மாச ஆவரேஜ், ஸ்கேன் இதெல்லாம் முடிஞ்ச வரைக்கும் இங்கயே பாத்துட்டு ஃபைலா கொண்டு போனா அலைச்சல் பாதி மிச்சம்.

குலசேகரத்துக்காரன்

ரொம்ப நன்றி எல்லாருக்கும். ராத்திரி அம்மாவுக்கு போன்லயே வாசிச்சு காட்டுனேன், ஐசியூ விசயத்துல கொஞ்சம் அமைதி ஆயிட்டாவ. ரெண்டு சந்தேகம். ஒண்ணு, இப்ப வெயிட் குறைக்க ஊசி வந்திருக்குன்னு சொல்லியாவளே, அத போட்டா ஆபரேஷனே வேண்டாமா? ரெண்டாவது, ஆபரேஷன் முடிஞ்சு குலசேகரம் வந்த பொறவு ஏதாவது ஆச்சுன்னா என்ன செய்யியது? சென்னைக்கு ஓட முடியுமா?

தக்கலை_சிஸ்டர்

ஊசி உண்மை தான். மௌஞ்சாரோன்னு ஒண்ணு 2025 மார்ச்ல இந்தியாவுக்கு வந்துச்சு, வாரம் ஒரு ஊசி. வந்தப்ப ஆரம்ப டோஸே ஒரு ஊசி 3,500 ரூபா, டோஸ் ஏற ஏற விலையும் ஏறும். நல்லா வேலை செய்யுது, ஆனா நிறுத்துனா வெயிட் திரும்ப ஏறும், அதான் சிக்கல். பால்வெட்டு சம்பளத்துல மாசா மாசம் அது முடியுமான்னு நீங்க தான் பாக்கணும். சில டாக்டருங்க ஆபரேஷனுக்கு முன்ன கொஞ்சம் எறக்க அத குடுப்பாங்க, கேட்டுப் பாருங்க.

ரெண்டாவது கேள்வி தான் நீங்க முதல்லயே கேட்டிருக்க வேண்டியது. கவர்மெண்டா பிரைவேட்டாங்கறத விட, பொறவு யாரு பாப்பாங்கறது தான் பெருசு. முதல் ரெண்டு வாரம் வயித்துக்குள்ள தையல் போட்ட எடத்துல கசிவு வர்ற ஆபத்து உண்டு. காய்ச்சல், வயித்து வலி, நாடி நிமிசத்துக்கு 120க்கு மேல ஓடுறது, இதுல எது வந்தாலும் வாயுன்னு நினைச்சு இஞ்சிச்சாறு குடுத்துட்டு உக்காரக்கூடாது, உடனே சர்ஜன் இருக்க எடத்துக்கு போகணும். அதனால சென்னைல பண்ணுனா டிஸ்சார்ஜ் ஆன அன்னைக்கே ரயில் ஏறாதீங்க, தையல் பாக்க திரும்ப கூப்பிடுற வரைக்கும் அங்கயே ஒரு சொந்தக்காரங்க வீட்டுல இருங்க. அவ்வளவு நேரம் உக்காந்துட்டு வந்தா கால்ல ரத்தம் கட்டுற பயமும் இருக்கு.

அப்புறம் வாந்தி. சில பேருக்கு நாள் கணக்கா நிக்காது. நம்ம ஊர்ல என்ன பண்ணுவாங்க, பக்கத்து கிளினிக்ல போய் ஒரு குளுக்கோஸ் ஏத்திட்டு வந்துருவாங்க. தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. வாந்தி நிக்காத ஆளுக்கு வைட்டமின் பி1 சத்து காலியாகி இருக்கும், அது குடுக்காம வெறும் குளுக்கோஸ் ஏத்துனா மூளைய பாதிக்கும். டிஸ்சார்ஜ் சம்மரிய போன்ல படம் எடுத்து வச்சுக்கங்க, எந்த டாக்டர்கிட்ட போனாலும் வாய தொறக்கறதுக்கு முன்ன அத நீட்டுங்க. வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரை இதெல்லாம் ஆயுசுக்கும் எடுக்கணும், வருசா வருசம் ரத்தம் பாக்கணும், இதுக்கு சென்னை வேண்டாம், ஆசாரிபள்ளம் போதும். இன்சுலின் அளவும் வீட்டுக்கு வந்ததும் பழையபடி போடக்கூடாது, சாப்பாடே இல்லாதப்ப சுகர் தாழ்ந்துரும்.

மார்த்தாண்டம்_மைனி

சாப்பாட பத்தி நான் சொல்லுதேன், சிஸ்டர் விட்டுட்டாவ. இருமல் மருந்துக்கு வருமே ஒரு பொடி கப்பு, 30 மில்லி, அதுல தான் எனக்கு ஆரம்பத்துல கஞ்சித்தண்ணி. ஒரு கப்ப குடிச்சு முடிக்க கால் மணிக்கூர். கடகடன்னு குடிச்சா நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி நிக்கும். வீட்டுல மத்தவிய சாளைக்கறி வச்சு சோறு திங்கும்போ நான் வெளிய திண்ணைல போய் இருப்பேன். பொறவு கூழா அரைச்சது, பொறவு முட்டை, அவிச்ச மீன். இப்ப ரெண்டு இட்லில வயிறு நெறஞ்சிரும், மீன் தான் முதல்ல, சோறு மிச்சம் இருந்தா. அக்காவுக்கு சமைச்சு குடுக்க ஒரு ஆள் வேணும் தம்பி, அம்மைய தயார் பண்ணு.

குலசேகரத்துக்காரன்

அம்மாவுக்கு இத தான் முதல்ல காட்டுவேன் மைனி. அத்தான் திங்கக்கிழமை லீவு போட்டு அக்காவ ஆசாரிபள்ளம் கூட்டிட்டு போகாரு. காப்பீட்டு நம்பருக்கும் அவரே பேசுவாரு. அங்க அப்ரூவல் கெடச்சா கவர்மெண்ட், நகை இப்போதைக்கு பீரோல இருக்கட்டும். அக்காவுக்கு தான் தேதி தள்ளிட்டே போனா என்ன செய்யியதுன்னு கவலை.

வடசேரி_ராஜா

தேதி தள்ளுனா அந்த இடைவெளில, தூக்கத்துல மூச்சு நிக்குதான்னு மெசின் மாட்டி பாக்குற டெஸ்ட்ட முடிச்சு வையுங்க, அது இல்லாம மயக்க டாக்டர் எப்படியும் ஒத்துக்க மாட்டாங்க. ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை, சுகர் பாத்த பழைய சீட்டு எல்லாத்தையும் ரெண்டு செட் செராக்ஸ் எடுத்து வையுங்க. ஒரிஜினல எந்த கவுண்டர்லயும் குடுத்துட்டு வராதீங்க, காட்டிட்டு வாங்கிக்கங்க.