நாற்பது நொடியில் அணைந்துபோகும் பாய்லர்

வீட்டைச் சூடாக்கும் எங்கள் பாய்லர் எரியத் தொடங்கிய நாற்பதாவது நொடியில் அணைவதும், மூன்று நிமிடம் பொறுத்து மீண்டும் பற்றுவதுமாக இரண்டு வாரம் எங்களை அலைக்கழித்தது. பாய்லரின் சூடான நீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் வெதுவெதுப்புக்கு மேல் எதுவும் ஏறவில்லை. திரையிலோ பிழைக் குறியீடு ஒன்றும் இல்லை.

முதலில் வந்த பழுதுபார்ப்பவர் வெப்பநிலை சென்சார் கெட்டிருக்கும் என்று சொல்லிப் புதியதை மாட்டிவிட்டுப் போனார்; கோளாறு அப்படியே இருந்தது. அந்த வகை சென்சார்கள் பலவற்றில் 25 டிகிரியில் மின்தடை 10 கிலோ ஓம் இருக்கும் என்பதையும், மல்டிமீட்டரை வைத்தால் இரண்டே நிமிடத்தில் அதன் நலம் தெரிந்துவிடும் என்பதையும் பின்னர்தான் அறிந்தேன். அளக்காமல் மாற்றியதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

அதன்பின் ஒரு மாலை முழுவதும் கடிகாரமும் குறிப்பேடுமாகப் பாய்லர் முன்னே உட்கார்ந்தேன். பர்னர் பற்றும்போது 45 டிகிரியில் இருந்த நீர், நாற்பது நொடிக்குள் 80 டிகிரியைத் தொட்டதும் தீ அணைந்தது. ஆனால் ரேடியேட்டர்களிலிருந்து திரும்பி வரும் குழாயைத் தொட்டால் கை சுடவே இல்லை, வெப்பமானி 30 டிகிரிதான் காட்டியது. புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் பயன்படுத்தும் கண்டன்சிங் வகைப் பாய்லர்களில் போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் இடையே ஏறத்தாழ 20 டிகிரி வேறுபாடு இருக்கும்படி வடிவமைப்பது வழக்கம். எங்கள் வீட்டில் அது 50. உண்டாகிற வெப்பத்தை ஏற்றிச் செல்லப் போதிய நீர் ஓடவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் இல்லை. இடையில் வந்த மூன்று நிமிட ஓய்வும் கோளாறன்று. பர்னர் ஓயாமல் பற்றித் தேய்ந்துவிடக் கூடாது என்று பாய்லரே தனக்கு விதித்துக்கொள்ளும் இடைவெளி அது.

இரண்டாவதாக வந்தவரிடம் குறிப்பேட்டைக் காட்டியதும் அவர் நேரே திரும்பும் குழாயின் வடிகட்டியைத்தான் கழற்றினார். உள்ளே கருஞ்சேறு அடைத்திருந்தது. ரேடியேட்டர்களின் உட்புற இரும்பு அரித்து உண்டாகும் அந்தக் கசடு காந்தத்தில் அப்பிக்கொள்வதையும் காட்டினார். வடிகட்டியைக் கழுவி, சிக்கியிருந்த காற்றை வெளியேற்றி, குளிர்ந்த நிலையில் அழுத்தம் 1.2 பார் வரும்வரை நீர் நிரப்பினார். அன்றிரவு பர்னர் ஒரே மூச்சில் பதினைந்து நிமிடம் எரிந்தது.

* * *

மேலே எழுதிய நண்பரைப் போலவே நானும், அடிக்கடி அணைந்த என் பாய்லரின் இரு குழாய்களையும் அளந்தேன். எனக்குக் கிடைத்த விடை நேர்மாறானது. இரண்டும் சேர்ந்தே ஏறின, வேறுபாடு நான்கு டிகிரிகூட இல்லை. நீர் நன்றாகவே ஓடியது. சுமந்து சென்ற வெப்பத்தை இறக்கி வைக்கத்தான் இடமில்லை.

எங்களுடையது குழாய் வெந்நீரையும் சேர்த்துத் தரும் 24 கிலோவாட் பாய்லர். நிமிடத்துக்கு 10 லிட்டர் நீரை 34 டிகிரி உயர்த்த அவ்வளவு திறன் வேண்டும் என்பதால், குளியலறைக்காகத் தேர்ந்தெடுத்த அளவு அது. அறைகளைச் சூடாக்கும்போது தீயை எவ்வளவு குறைத்தாலும் 7 கிலோவாட்டுக்குக் கீழே அது இறங்காது. நானோ சிக்கனம் என்று நினைத்து இரண்டு ரேடியேட்டர்களை மட்டும் திறந்து வைத்திருந்தேன். அவை சேர்ந்து 2 கிலோவாட்டைத்தான் ஏற்கும். மிஞ்சும் 5 கிலோவாட், சுற்றில் 60 லிட்டர் நீர் இருந்தால் அதை ஒரு டிகிரி உயர்த்த ஐம்பது நொடி எடுக்கும். வால்வுகளை மூடிவிட்டுப் 10 லிட்டரை மட்டும் சுழலவிட்டால் எட்டு நொடி போதும். பத்து டிகிரி ஏற ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை என்றால் பர்னர் வேறு என்னதான் செய்யும்?

எல்லா ரேடியேட்டர்களையும் திறந்து, அறை வெப்பத்தைத் தெர்மோஸ்டாட்டின் பொறுப்பில் விட்டேன். நீரை ரேடியேட்டர்களுக்கு அனுப்பாமல் குறுக்கே திருப்பிவிடும் பைபாஸ் வால்வு தேவைக்கு மேல் திறந்திருந்ததையும் பழுதுபார்ப்பவர் சரிசெய்தார். அதிகபட்சத் திறனைக் குறைத்து வைக்கும்படி ஒருவர் யோசனை சொன்னார். கேட்க நன்றாக இருந்தாலும், குறைந்தபட்சமே கூடுதலாக இருக்கும் இடத்தில் அதனால் பயனில்லை. மிதமான குளிர் நாட்களில் இப்போதும் சற்று அடிக்கடி அணைகிறது. அதை ஏற்றுக்கொண்டேன்.

* * *

என் பாய்லர் ஐந்து நொடிகூடத் தாங்கவில்லை. நீர் சூடாவதற்கு முன்பே தீ அணைந்தது. ஆகவே ரேடியேட்டரையும் பம்பையும் பழிப்பதில் பொருளில்லை. தீ எரிகிறதா என்று உணரும் மின்முனையில் படிவு மூடியிருந்ததால், எரிகிற தீயைக் காணாத கட்டுப்பாட்டுப் பலகை எரிவாயுவை நிறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. குழாய்களை நானே தொட்டு அளந்தேன். பர்னர் மூடியைத் திறக்கும் வேலையை மட்டும் எரிவாயு உரிமம் பெற்றவரிடம் விட்டேன். அந்த மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் கசியக்கூடும். அவர் மின்முனையைத் துடைத்து, மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றி, புகைவாயுவைக் கருவியால் சோதித்த பிறகே இயக்கிக் காட்டினார்.