பாலிக் புலாவில் சரளை நிலம்: வீடு கட்டலாமா, டுரியான் நடலாமா, சும்மா விடலாமா?

ஜெலுத்தோங்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் பக்கம் தாத்தா வாங்கிப் போட்டிருந்த நிலம் இப்போது எங்கள் குடும்பத்துக்கு வந்திருக்கிறது. கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், விவசாய நிலம் என்றுதான் இருக்கிறது. மேல்பக்கம் ஓரளவு சமம், நடுவில் சரிவு, கீழே ஓடையை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. மண்வெட்டியை வைத்தால் நறநறவென்று சரளை, இடையிடையே உருண்டைப் பாறைகள். மாமா நடுப்பகுதியை வெட்டிச் சமமாக்கி மூன்று சின்ன வீடுகள் கட்டி வார இறுதிக்கு வாடகைக்கு விடலாம் என்கிறார், தம்பி டுரியான் என்கிறான், சித்தப்பாவுக்கு மீன்குளம் ஆசை. சரளை நிலம் எதற்குத்தான் ஏற்றது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாலைக்காரன்:
மாமா சொல்வதுதான் சரி. அஸ்திவாரத்துக்குச் சரளையைவிட நல்ல மண் கிடையாது. களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், சுவரில் வெடிப்பு வரும். சரளையில் தண்ணீர் தேங்காது, ரோலர் போட்டு அழுத்தினால் கெட்டியாக உட்காரும், ரோட்டுக்கு அடியில் அதைத்தானே கொட்டுகிறோம். டுரியான் நட்டால் ஐந்தாறு வருடம் காத்திருக்கணும். வீடு என்றால் கட்டி முடித்ததும் வருமானம். மண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள் தம்பி, உங்கள் மண் நல்ல மண்.

மண்ணும் மரமும்:
சாலைக்காரன் அண்ணன் சொன்னது சமநிலத்துக்குப் பொருந்தும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் சரிவில் அதே சரளையின் நல்ல குணமே ஆபத்தாக மாறும். பினாங்குத் தீவின் மலைகள் பெரும்பாலும் கருங்கல் மலைகள், அந்தக் கல் வெயிலிலும் மழையிலும் காலங்காலமாக மக்கித்தான் இந்தச் சரளை உண்டாகியிருக்கிறது. மேலே சரளை, சில அடி கீழே போனால் களி கலந்த பாதி மக்கிய கல், அதற்கும் கீழே பாறை. மழைநீர் சரளை வழியாக விறுவிறுவென்று இறங்கும், கீழே உள்ள இறுகிய அடுக்கில் முட்டும், அதற்கு மேல் இறங்க முடியாமல் அந்த அடுக்கின் மேலேயே சரிவோடு நகரும். மேலே இருக்கும் மண்ணுக்கு அங்கே பிடிமானம் போய்விடும். அந்த நேரத்தில் சரிவின் அடிப்பகுதியை நீங்கள் வெட்டி எடுத்திருந்தால் மேல்பகுதியைத் தாங்க எதுவுமே இல்லை.

2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமானத் தளத்தில் நிலம் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த வருடம் அதே அக்டோபரில் புக்கிட் குக்குஸில் 9 பேர். இரண்டும் நம் தீவில் நடந்தவை. அதனால் முதலில் சரிவை அளந்து பாருங்கள், மண்ணை அப்புறம் பார்க்கலாம்.

சாலைக்காரன்:
அதெல்லாம் பெரிய புரொஜெக்ட், மலையையே குடைந்து செய்த வேலை. இவர் கேட்பது மூன்று சின்ன வீடு. அதோடு கல் நிறைந்த மண் அரிக்காது, மேலே கிடக்கும் கல் மழைத்துளியின் அடியைத் தாங்கிக்கொள்ளும், இது விவசாயத் துறைக்காரர்களே சொல்வதுதான். நான் வேலை செய்த இடங்களில் நேராக வெட்டிய சரளைச் சுவர் பூச்சு இல்லாமல் வருடக்கணக்கில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

மண்ணும் மரமும்:
மழைத்துளி அரிப்பை மேல்கல் குறைக்கும் என்பது உண்மைதான் அண்ணே. ஆனால் அது மேல்தோல் கரைந்து போகிற விஷயம். நிலச்சரிவு அடியில் பல அடி ஆழத்தில் நடக்கிறது, அதை மேலே கிடக்கும் கல் தடுக்காது. வெட்டிய சுவர் நிற்பதற்கும் காரணம் இருக்கிறது. மண் அரை ஈரத்தில் இருக்கும்போது துகள்களுக்கு நடுவே உள்ள கொஞ்சநஞ்சத் தண்ணீர் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்திருக்கும். தொடர்ந்து அடைமழை பெய்து மண் முழுக்க நனைந்துவிட்டால் அந்தப் பிடி போய்விடும். பத்து வருடம் நின்ற சுவர் பதினோராவது வருட மழையில் விழுவது இதனால்தான். நின்றதை வைத்து இனியும் நிற்கும் என்று கணக்குப் போடக்கூடாது, உள்ளே தூங்கப்போவது மனிதர்கள்.

கித்தாத் தோட்டத்துப் பிள்ளை:
நான் புக்கிட் மெர்தாஜம் பக்கம். இரண்டு பேரும் ஒரு கேள்வியைக் கேட்காமலே பேசுகிறீர்கள்: எந்தச் சரளை? மலாக்கா வகை மண் என்று தோட்டங்களில் சொல்லும் செம்மண் சரளை இரும்பு இறுகி உருவானது. அது மேலாகவே கெட்டித் தட்டாக இருந்தால் வேர் கீழே இறங்காது, கித்தா மரமே பெருங்காற்றில் சாய்ந்துவிடும், செம்பனை விளைச்சலும் குறையும். கருங்கல்லில் இருந்து வந்த மண் பல இடங்களில் ஆழமானது, வேர் இறங்க வழி உண்டு.

டுரியானையும் சும்மா புகழ வேண்டாம். மண்ணில் பாதி கல் என்றால் தண்ணீரையும் உரத்தையும் பிடித்து வைக்க மிச்சப் பாதிதான் இருக்கிறது. வடக்கில் ஜனவரி, பிப்ரவரி வெயிலில் இளங்கன்று வாடிப்போகும், போட்ட உரம் ஒரே மழையில் கீழே இறங்கிவிடும். தண்ணீர் கொண்டுபோகும் செலவை எழுதாமல் டுரியான் லாபம் என்று கணக்குக் காட்டுவது நியாயமில்லை.

ஜெலுத்தோங்வாசி:
நேற்று தம்பியோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சிவப்பு இல்லை, வெளிறிய நிறம், பளபளக்கும் வெள்ளைக் கல்மணிகள். கயிறும் மட்டக்குழாயும் வைத்து அளந்தோம். மேல்பகுதி 10 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்குகிறது, நடுவில் 10 மீட்டருக்கு 3, கீழே 10-க்கு 6. மேலே ஒரு அடிக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றினால் நின்று பார்ப்பதற்குள் வற்றிவிட்டது.

மண்ணும் மரமும்:
அருமையாகச் செய்தீர்கள், இப்போது பேச்சுக்கு ஒரு அடிப்படை இருக்கிறது. நிறத்தைப் பார்த்தால் செம்மண் சரளை இல்லை, கருங்கல்லில் இருந்து வந்த மண்தான். டிகிரியில் சொன்னால் மேல்பகுதி ஏறக்குறைய 6, நடு 17, கீழே 31. கட்டுமானத்துக்குச் சரிவு வரம்பு 25 என்று யாராவது சொன்னால் டிகிரியா சதவீதமா என்று கட்டாயம் கேளுங்கள், 25 டிகிரி என்பது 10 மீட்டருக்கு 4.7 மீட்டர் இறக்கம், கிட்டத்தட்ட 47 சதவீதம்.

குளம் வேண்டாம். சல்லடையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான், அடியில் ரப்பர் விரிப்பு போடாமல் நிற்காது, சரிவுக்கு மேலே தண்ணீரைத் தேக்குவது அதைவிட மோசம். நடுப்பகுதிக்கு டுரியானோ ஜாதிக்காயோ சரியாக வரும், ஏனென்றால் வேரில் தண்ணீர் நின்றால் டுரியானுக்கு அழுகல் நோய் வரும், இந்த மண்ணில் அந்தத் தொல்லை குறைவு. தோட்டத்துப் பிள்ளை சொன்ன தண்ணீர்ப் பிரச்சினையை நான் மறுக்கவில்லை. கன்றைச் சுற்றிக் காய்ந்த இலை, செம்பனைக் குலைச்சக்கை என்று கனமாக மூடுங்கள், உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை போடுங்கள். புல்டோசர் விட்டு நீளமாகப் படி வெட்டாமல் மரத்துக்கு ஒரு சின்ன மேடை மட்டும் கையால் வெட்டுங்கள், மேடை உள்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கட்டும். இடைவெளியில் புல் இருக்கட்டும், சரிவுக்குக் குறுக்கே வெட்டிவேர் வரிசை வையுங்கள். கீழே உள்ள 31 டிகிரியைத் தொடவே வேண்டாம், அங்கே நிற்கும் காட்டுமரங்கள்தான் மேலே உள்ள எல்லாவற்றையும் தாங்குகின்றன.

மேல்பகுதியில் ஒரு வீடு கட்டலாம், ஆனால் கழிவுநீரைக் கவனியுங்கள். தண்ணீர் அவ்வளவு வேகமாக இறங்குகிறது என்றால் செப்டிக் டேங்க் நீரும் வடிகட்டப்படாமல் அதே வேகத்தில் கீழே ஓடைக்குப் போகும்.

பட்டர்வொர்த் அக்கா:
எல்லாரும் மண்ணையே பேசுகிறீர்கள், சட்டத்தையும் பார்க்கணும். கிராண்டில் விவசாயம் என்று இருந்தால் வாடகை வீடு கட்டும் முன் நில வகையை மாற்றணும், அது நில அலுவலகத்தில் நடக்கும் வேலை. பினாங்கில் கடல்மட்டத்துக்கு மேல் 76 மீட்டர், அதாவது 250 அடி தாண்டினாலோ, சரிவு 25 டிகிரியைத் தாண்டினாலோ அது மலைநிலம், கட்டுமானத்துக்கு இல்லை என்பது மாநிலத்தின் கொள்கை. உங்கள் இடத்தின் உயரத்தை யாருமே கேட்கவில்லையே தம்பி. அப்புறம், 1960-ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மலைநிலமாக அறிவிக்கப்பட்டிருந்தால் மரத்தை வெட்டித் துப்புரவு செய்யவே அனுமதி வேண்டும், மரவள்ளி, காய்கறி போன்ற குறுகிய காலப் பயிருக்கும் அனுமதி வேண்டும்.

வீடு இல்லாவிட்டால் கூடாரம் போடலாம் என்று அடுத்து யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 2022 டிசம்பரில் சிலாங்கூரின் பத்தாங் காலியில் நிலச்சரிவில் 31 பேர் இறந்தது ஒரு பண்ணையின் முகாம் தளத்தில்தான். கூடாரம் லேசானதுதான், ஆனால் மண் மேலேயிருந்து வந்தது. உங்கள் எல்லைக்கு மேலே யார் நிலம் இருக்கிறது, அங்கே என்ன வெட்டுகிறார்கள் என்பதையும் போய்ப் பாருங்கள்.

சாலைக்காரன்:
சட்டம் சரி, அதை மீறச் சொல்லவில்லை. ஆனால் நடுப்பகுதி 17 டிகிரிதான், 25-க்கு உள்ளேதான் இருக்கிறது. எஞ்சினியரை வைத்துத் தடுப்புச் சுவர் கட்டினால் ஏன் முடியாது? நாடு முழுக்க அப்படித்தான் கட்டுகிறார்கள். சரிவு நிலம் என்றாலே கை வைக்காதே என்றால் இந்தத் தீவில் பாதிப் பேருக்கு நிலம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கித்தாத் தோட்டத்துப் பிள்ளை:
முடியும் அண்ணே, ஆனால் அந்தச் சுவர் நிற்பது பின்னால் உள்ள வடிகாலால். சரளை வழியாக வரும் தண்ணீர் முழுக்கச் சுவருக்குப் பின்னால் சேரும், அதை வெளியேற்றும் துளைகள் மண்ணும் வேரும் அடைத்துக்கொள்ளும், ஒவ்வொரு வருடமும் மழைக்காலத்துக்கு முன் யாராவது சுத்தம் செய்யணும். மூன்று வாடகை வீட்டின் வருமானம் அந்தச் சுவரையும் பராமரிப்பையும் தாங்குமா என்று மாமாவிடம் கேளுங்கள். டுரியானில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது, ஆனால் மரம் பிழைக்காவிட்டால் போவது பணம் மட்டும்தான்.

ஜெலுத்தோங்வாசி:
மாமாவிடம் காட்டினேன், அவர் இன்னும் சுவர்க் கட்சியில்தான் இருக்கிறார். உயரம் பார்த்தாயிற்று, 76 மீட்டருக்குக் கீழேதான். மேலே தூண் மேல் ஒரு சின்ன வீடு, நடுவில் மரம், கீழே அப்படியே என்று தம்பியும் நானும் நினைக்கிறோம். ஒரு கேள்வி: கூரைத் தண்ணீரை எங்கே விடுவது?

மண்ணும் மரமும்:
தொட்டியில் பிடித்து வறண்ட மாதங்களில் கன்றுகளுக்குக் கொடுங்கள். நிரம்பி வழிவதைக் குழாயிலேயே ஓடைவரை இறக்குங்கள், முடிகிற இடத்தில் பெரிய கற்களை அடுக்கி வேகத்தைக் குறையுங்கள். நடுச்சரிவில் மட்டும் திறந்துவிடாதீர்கள்.