யுகே சபையில ஒரு வருஷம் ஊழியம், எந்த விசா? ஏஜென்ட் விசிட்டர்ல போலாம்னு சொல்லுகாரு

பாறசாலை யூத்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நம்ம சபை வாலிபர் கூட்டத்துல இருந்து ஒரு பையனும் ஒரு பிள்ளையும் லண்டன் பக்கத்துல உள்ள ஒரு சபைக்கு ஒரு வருஷம் ஊழியத்துக்கு போக ரெடியா இருக்காவ, சண்டே கிளாஸ், முதியோர் சந்திப்பு, இதான் வேலை, சம்பளம் கிடையாது, தங்க இடமும் சாப்பாடும் அவிய தருவாவ. இங்க ஒரு ஏஜென்ட் விசிட்டர் விசால போங்க, ஆறு மாசத்துல வந்துட்டு மறுபடி போலாம், இன்டர்வியூல ஊழியம்னு மட்டும் வாய தொறக்காதீங்கனு சொல்லுகாரு. அத கேட்டதுல இருந்து பாஸ்டருக்கு மனசு சரியில்ல. பையனுக்கு பாஸ்போர்ட்ல சர்நேம் காலி. படிச்சது மார்த்தாண்டம், தமிழ்நாடு சர்டிபிகேட், ஆதார் கேரளா. இதுல எங்கயாவது மாட்டுமா?

பழைய_பேப்பர்காரன்:
பாஸ்டர் நினைக்கிறது தான் சரி, அந்த ஏஜென்ட விட்ருங்க. பொய் சொல்லி மாட்டினா 10 வருஷம் வரைக்கும் அந்த நாட்டுப் பக்கமே போக முடியாது, இருபது வயசு பிள்ளையளுக்கு இது தேவையா. விசிட்டர்ல பிரசங்கம் பண்ணலாம்னு ரூல் இருக்கு, ஆனா அது இங்க ஊழியத்துல இருக்குற ஆளு கொஞ்ச நாள் போயிட்டு வர்றதுக்கு. வாலண்டியர் வேலைன்னா பதிவு பண்ணின சாரிட்டில மொத்தமே 30 நாள் தான்.

உங்களுக்கு பொருந்துறது ரெண்டு. ரிலிஜியஸ் வொர்க்கர் விசா, 24 மாசம் வரை. சாரிட்டி வொர்க்கர் விசா, 12 மாசம் வரை, சம்பளம் இல்லாத வேலைக்கு மட்டும். எதுவானாலும் அந்த சபைகிட்ட ஸ்பான்சர் லைசென்ஸ் (வெளிநாட்டு ஆளக் கூப்பிட அந்த அரசு தர்ற அனுமதி) இருக்கணும், அவிய சிஓஎஸ் (சர்டிபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப், அதாவது ஸ்பான்சர் தர்ற அத்தாட்சி) நம்பர் தந்தா தான் இங்க அப்ளிகேஷனே போட முடியும். லைசென்ஸ் உள்ளவங்க லிஸ்ட் பிரிட்டிஷ் அரசு வெப்சைட்லயே கிடக்கு, எந்த ரூட்டுக்குனும் போட்டிருக்கும். டிக்கெட், பெட்டி எல்லாம் அப்புறம், மொத அந்த லிஸ்ட்ல பேரு இருக்கானு பாருங்க.

குழித்துறை அக்கா:
எனக்க அண்ணன் மவ ரிலிஜியஸ் வொர்க்கர்ல தான் போனா. அவளுக்கு தலைவலி குடுத்தது பேங்க் தான் கேட்டியளா. 1,270 பவுண்டுக்கு ஈடான ரூபா அவ பேருல உள்ள அக்கவுண்ட்ல 28 நாள் தொடர்ச்சியா கிடக்கணும், அப்பா அக்கவுண்ட் காட்டினா எடுக்க மாட்டாவ. நகைக்கடன் வட்டி ஆட்டோ டெபிட்ல போயி பேலன்ஸ் ஒரு நாள் கீழ எறங்கிட்டு, திரும்ப மொதல்ல இருந்து எண்ண வேண்டியதாச்சு. ஸ்பான்சர் சிஓஎஸ்ல செலவு நாங்க பாத்துக்கிடுவோம்னு உறுதி குடுத்தா இந்த பாடே வேண்டாம், ஏ ரேட்டிங் (ஸ்பான்சருக்கு அரசு தர்ற தர மதிப்பு) உள்ள சபைன்னா கேட்டுப் பாருங்க.

டிபி டெஸ்ட் யுகே அரசு அங்கீகரிச்ச கிளினிக்ல தான், நம்மூர்ல எடுத்த எக்ஸ்ரே செல்லாது. சர்டிபிகேட் 6 மாசம் தான் நிக்கும், ரொம்ப முன்னாடியே எடுத்து வெக்காதீங்க. ஹெல்த் சர்சார்ஜ் (அங்க உள்ள அரசு மருத்துவ வசதிக்கு கட்டுறது) வருஷத்துக்கு 1,035 பவுண்ட், விசா ஃபீஸுக்கு மேல, அதுவும் முன்கூட்டியே. விசா கிடைக்கலன்னா சர்சார்ஜ் திரும்ப வரும், ஃபீஸ் வராது. காணிக்கை சேக்குறப்போ இதையும் கணக்குல வைங்க.

பழைய_பேப்பர்காரன்:
பேரு விஷயம் விட்டுப்போச்சு. பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே சிஓஎஸ்லயும் வரணும். அப்பா பேர சர்நேம்னு நீங்களா சேத்து குடுத்துராதீங்க, முதல் பக்கத்த ஸ்கேன் பண்ணி சபைக்கு அனுப்புங்க. ரெண்டு மாநிலம்ங்கறது பிரச்சனையே இல்ல, இந்த விசாக்கு ஸ்கூல் சர்டிபிகேட் கேக்குறதில்ல, ஐஈஎல்டிஎஸ் இங்கிலீஷ் பரீட்சையும் வேண்டாம். கோச்சிங் சேருங்கனு எவனாவது வந்தா துட்டு குடுக்காதீங்க.

பாறசாலை யூத்:
ரொம்ப நன்றி. லிஸ்ட்ல பாத்தோம், அந்த சபை பேரு இல்ல, ஆனா அவிய சேந்திருக்குற தலைமை அமைப்பு பேரு ரிலிஜியஸ் வொர்க்கர்ல கிடக்கு, ஏ ரேட்டிங். அவிய மூலமா சிஓஎஸ் கிடைக்குமானு மெயில் போட்டாச்சு. ஒரு சந்தேகம், பிள்ளை இப்ப நாகர்கோவில்ல ஹாஸ்டல்ல நிக்கா, பயோமெட்ரிக்கு (கைரேகை, போட்டோ குடுக்க) கொச்சியா சென்னையா?

குழித்துறை அக்கா:
எங்க வேணும்னாலும் குடுக்கலாம் மக்ளே, அட்ரஸ் பாக்க மாட்டாவ. கொச்சிக்கு ரெண்டு பேரையும் ஒண்ணா அனுப்புங்க, ராத்திரி ட்ரெயின்ல போனா காலையில அப்பாயிண்ட்மெண்ட்டுக்கு எத்திரலாம்.