புதுப்பிப்பு: தோல் பணப்பை, இரண்டாவது முயற்சி

என் முதல் பணப்பையில் தையல் கோணியதையும் ஓரம் பிசிறியதையும் போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். ஓரத்துக்குக் காரணம் தோல்தான். டர்பனில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய துண்டு, குரோமில், அதாவது குரோமியம் உப்பில், பதனிட்டது. எவ்வளவு தேய்த்தாலும் வழவழப்பு வரவில்லை. இந்தமுறை வாட்டில் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோல். அந்த மரம் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்திலேயே தோட்டம் தோட்டமாக வளர்கிறது! ஓரத்தை லேசாக ஈரமாக்கி மரக்கட்டையால் தேய்த்தேன், பளபளத்துவிட்டது.

தையல் கோணியது என் தப்பு. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் அதே பக்கத்து ஊசியை முதலில் விடவேண்டும். நான் மாற்றி மாற்றி விட்டிருக்கிறேன்.

சரி, புதியதைச் சாட்ஸ்வொர்த்தில் பாட்டியிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதிலாவது காசு தங்குமா?" என்றார்.